பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? முதுகைத் திருப்பிப் பாருங்கள்!

படப்பையில் அம்மா இருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு பாட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒன்று பாடியது. மற்றொன்று பாடவில்லை.

பாடியது எது தெரியுமா? பழைய பெட்டி!

அது அப்பா வாங்கிய டிரான்சிஸ்டர். வாங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க, தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்சு எடுக்க வேண்டும். அந்த லைசென்சு புத்தகம்கூட அலமாரியில் இருக்கிறது. அப்பா இன்று இல்லை. பெட்டி இருக்கிறது. இரண்டு பாட்டரிக் கட்டை போட்டால் பாடுகிறது.

பாடாத பெட்டி நான் வாங்கிக் கொடுத்தது. சின்னது. பளபளப்பானது. நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். அம்மா தனியாக இருக்கிறாரே, பாட்டாவது துணையாக இருக்கட்டும் என்று வாங்கினேன்.

காலையில் பக்திப் பாட்டு. மத்தியானம் பழைய சினிமாப் பாட்டு. இரவு தூக்கம் வராதபோது மெதுவாக ஒரு தாலாட்டு. இரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டி அம்மாவுக்கு ஒரு மகளைப் போல இருந்தது.

ஒரு நாள் அதன் பாட்டரி உப்பிவிட்டது. கடைக்குக் கொண்டு போனேன்.

"இந்த மாடல் நின்னுபோச்சு சார். பாட்டரி வராது. புதுசா வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். திருகாணி இல்லை. மூடி இல்லை. முழுவதும் பசை போட்டு ஒட்டியிருந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது. பாட்டு நன்றாக இருக்கிறது. ஒரு சின்ன பாட்டரிக்காக எல்லாம் குப்பை!

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கப்பா வாங்கினது பாடுதுப்பா. நீ வாங்கினது ஊமையாயிடுச்சே!"

எனக்குச் சுருக்கென்றது.

எது முதலில் சாகிறது?

பாட்டுப் பெட்டியில் முதலில் கெடுவது எது? ஒலிபெருக்கி அல்ல. உள்ளே இருக்கும் மின் தகடும் அல்ல. பெரும்பாலும் பாட்டரிதான்.

இப்போது வரும் பெட்டிகளில் லித்தியம் பாட்டரி இருக்கிறது. அதை 300 முதல் 500 தடவை முழுதாகச் சார்ஜ் செய்து தீர்த்தால், அதன் சக்தி குறையத் தொடங்கிவிடும். முன்பு பத்து மணி நேரம் பாடியது, எட்டு மணி நேரம்தான் பாடும். பிறகு அதுவும் குறையும். இது யாருடைய குற்றமும் அல்ல. அந்த பாட்டரியின் இயல்பு அது.

செருப்பு தேய்வது இயல்பு. விளக்குத் திரி கருகுவது இயல்பு. திரி கருகினால் விளக்கையே தூக்கி எறிகிறோமா? வேறு திரி போடுகிறோம். அதுபோல பாட்டரியை மாற்ற வழி இருந்தால், பெட்டி பிழைத்துக்கொள்ளும். வழி இல்லாவிட்டால், பாட்டரியோடு சேர்ந்து பெட்டியும் சாகும்.

ஆகையால் என் கருத்து இதுதான்: பாட்டுப் பெட்டி வாங்கும்போது முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள்!

உலகம் கண்ட பாடம்

கையில் எடுத்துச் செல்லும் பாட்டுப் பெட்டியின் கதை நீண்டது. அமெரிக்காவில் 1947-ல் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். 1954-ல் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. 1979-ல் ஜப்பானின் சோனி கம்பெனி 'வாக்மேன்' என்ற கேசட் பெட்டியைக் கொண்டுவந்தது. அது இரண்டு பென்சில் பாட்டரியில் ஓடியது. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தளர்ந்துபோனால், வேறு பெல்ட் மாட்டலாம். இப்படிப் பெல்ட் மாற்றி இன்றும் வாக்மேன் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

2001-ல் ஆப்பிள் கம்பெனியின் 'ஐபாட்' வந்தது. ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் அடங்கியது! உலகமே வியந்தது. ஆனால் பாட்டரி உள்ளே அடைக்கப்பட்டிருந்தது. பாட்டரி சீக்கிரம் போய்விடுகிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2005-ல் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. 2022-ல் ஐபாட் தயாரிப்பே நின்றது.

நம் நாட்டிலும் ஒரு பெட்டி பெரிய வரவேற்பைப் பெற்றது. பழைய எச்.எம்.வி. கம்பெனிதான் இன்று சரிகம. அந்தக் கம்பெனி 2017-ல் 'கார்வான்' பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் 5,000 பாட்டு. இன்டர்நெட் வேண்டாம். குமிழைத் திருப்பினால் போதும். தமிழ்ப் பாட்டுக்கென்று தனிப் பெட்டியும் வந்தது. பெற்றோருக்குப் பரிசாகப் பலர் வாங்கிக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு இன்றும் தனிப் பாட்டுப் பெட்டி தேவை என்பதை இது காட்டியது.

ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் செய்தி

படப்பையில் இருந்து ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006-ல் நோக்கியா கம்பெனி செல்போன் ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்களும் ஆண்களும் அங்கே வேலை செய்தார்கள். 2014-ல் ஆலை மூடப்பட்டது.

நோக்கியாவின் சின்ன போன் பலருக்கு நினைவிருக்கும். 2003-ல் வந்த '1100' என்ற போன், உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் இருந்த பாட்டரியின் பெயர் பி.எல்.-5சி.

ஆலை போய்விட்டது. அந்தப் போனும் போய்விட்டது. ஆனால் அந்த பாட்டரி போகவில்லை! இன்றும் பல சின்ன ரேடியோக்களிலும் பாட்டுப் பெட்டிகளிலும் அதே அளவு பாட்டரியைப் போடுகிறார்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கிறது. நகத்தால் மூடியைத் திறந்து நாமே மாற்றலாம்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனி வரும், போகும். எல்லோரும் பயன்படுத்தும் அளவு நிலைத்து நிற்கும். உங்கள் பெட்டியில் பலருக்கும் பொதுவான பாட்டரி இருந்தால், கம்பெனி போனாலும் பெட்டி பிழைக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை

காசு கொடுக்கும் முன்பு ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: பாட்டரியை மாற்ற முடியுமா? மூடியோ திருகாணியோ இருக்கிறதா? பாட்டரியின் பெயர் என்ன? அது வெளிக் கடையில் கிடைக்குமா?

இரண்டு: பாட்டை நாமே ஏற்ற முடியுமா? மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் நல்லது. 32 ஜி.பி. கார்டு ஒன்றில் சுமார் 7,000 பாட்டு அடங்கும். கார்டும் ஒரு நாள் கெடும். ஆகவே பாட்டுகளை வேறு ஓர் இடத்திலும் பதிந்து வையுங்கள்.

மூன்று: சார்ஜர் எந்த வகை? இப்போது பெரும்பாலான போன்களுக்கு 'டைப்-சி' வந்துவிட்டது. அதே வாய் இருந்தால், போன் சார்ஜரே போதும்.

நான்கு: பொத்தான்கள் பெரிதாக இருக்கின்றனவா? கண் மங்கியவரும் கையால் தடவிப் பாட்டை மாற்ற முடியுமா?

ஐந்து: வாரண்டி எத்தனை மாதம்? ரிப்பேர் எங்கே? பில் கொடுப்பார்களா? பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாற்று பாட்டரி வாங்கும்போதும் கவனம் தேவை. மிக மலிவான போலிகள் உண்டு. இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை வெயிலிலும் அடுப்பு அருகிலும் வைக்காதீர்கள். பாட்டரி உப்பினால் சார்ஜ் செய்யாதீர்கள். குத்தாதீர்கள். தீப்பிடிக்கும்! வீட்டுக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

விலைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு பெட்டி 1,500 ரூபாய். இரண்டு ஆண்டுதான் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 750 ரூபாய் செலவு. இன்னொரு பெட்டி 3,000 ரூபாய். இடையில் மூன்று தடவை 250 ரூபாய்க்கு பாட்டரி மாற்றி, பத்து ஆண்டு ஓடுகிறது. ஆண்டுக்கு 375 ரூபாய்தான். எது மலிவு?

போன் இருக்கிறதே!

"போனிலேயே பாட்டு வருகிறதே, தனிப் பெட்டி எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானது. இளைஞர்களுக்குப் போன் போதும். ஆனால் வயதானவருக்கு? பாட்டின் நடுவே யாரோ கூப்பிடுவார்கள். விளம்பரம் குறுக்கே வரும். மாதக் கட்டணம் கட்டாவிட்டால் பாட்டு நின்றுவிடும். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் போன் ஒன்றுதான் இருக்கும். அதை மகன் ஷிப்டுக்கு எடுத்துப் போய்விட்டால், வீட்டில் இருக்கும் பாட்டிக்குப் பாட்டு ஏது?

மற்றொரு வாதமும் உண்டு. பெட்டியை ஒட்டி மூடினால் தண்ணீர் புகாது, மெலிதாகவும் இருக்கும் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அம்மா பாட்டுப் பெட்டியோடு ஏரியில் குதிக்கப் போவதில்லை!

அட்டையில் அச்சடியுங்கள்

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. பிஸ்கட் உறையிலும் இருக்கிறது. அதுபோல ஒவ்வொரு பாட்டுப் பெட்டியின் அட்டையிலும் இரண்டு வரி அச்சடிக்க வேண்டும். "இதில் இருக்கும் பாட்டரி இன்னது. இதற்கு இத்தனை ஆண்டு பாட்டரி கிடைக்கும்." அவ்வளவுதான்! இதைச் சட்டமாக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இது நடக்காத காரியம் அல்ல. ஐரோப்பிய நாடுகள் 2023-ல் ஒரு சட்டம் செய்தன. சில விலக்குகள் தவிர, கையடக்கப் பொருள்களின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டம். அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாளும் குறித்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில், ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. ஏமாந்தவர்கள் முறையிட 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. சட்டம் முழுதாக வரும்வரை, நம் கண்தான் நமக்குச் சட்டம்.

அம்மாவுக்கு இப்போது வேறு பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு பளபளப்பு இல்லை. பின்னால் ஒரு மூடி இருக்கிறது. உள்ளே பி.எல்.-5சி பாட்டரி.

போன மாதம் ஊருக்குப் போனேன். பாட்டரி மங்கிவிட்டதாம். அம்மாவே கடைக்குப் போய் வாங்கி வந்து, மூடியைத் திறந்து மாற்றிவிட்டார்.

"இது உங்கப்பா பொட்டி மாதிரி இருக்குப்பா" என்றார்.

அன்று மாலை படப்பை வீட்டில் இரண்டு பெட்டிகளும் பாடின.