சேதராப்பட்டில் ஓடும் கருவி ஜெர்மனியில் ஏன் நிற்கிறது?

பாகூர் பக்கம் வயலுக்குத் தண்ணீர் விட, டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நடுராத்திரியில் மோட்டார் கொட்டகைக்கு ஓடும் வேலை பலருக்குக் குறைந்துவிட்டது. சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டருக்கு ஒரு போன் அடித்தால் மோட்டார் ஓடும். அதே கொட்டகையில் பழைய ரேடியோ ஒன்றை மீடியம் வேவில் வைத்து, மலிவான எல்.இ.டி. பல்பைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் பாட்டுக்குப் பதில் 'கர்ர்ர்' என்று இரைச்சல்தான் வரும். நம்ம ஊரில் ரேடியோவை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்த இரைச்சல் ஒரு சட்டப் பிரச்சினை. அதற்கு ஓர் அளவு உண்டு. அளவைத் தாண்டும் பொருளை அங்கே விற்க முடியாது.

வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம். இரண்டு இடத்திலும் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு சிறு பட்டறை எல்.இ.டி. டிரைவரோ, சார்ஜரோ, மோட்டார் கன்ட்ரோலரோ செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் நன்றாக விற்கிறது, ரிட்டர்ன் இல்லை. வெளிநாட்டு ஆர்டர் வருகிறது. வாங்குபவர் முதலில் கேட்பது விலையை. அடுத்து, "இ.எம்.சி. ரிப்போர்ட் இருக்கா?" பல முதலாளிகள் அந்தச் சொல்லைக் கேள்விப்படுவதே அப்போதுதான்.

மின்னணுக் கருவி எதுவாக இருந்தாலும் வேண்டாத ரேடியோ அலை கொஞ்சம் கசியும். போர்டில் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருந்தால் அதன் மடங்குகளான 50, 75, 100, 125 மெகாஹெர்ட்ஸிலும் சத்தம் எழும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் ஒயர் வெளியே தொங்கினால், அது ஏறக்குறைய 75 மெகாஹெர்ட்ஸுக்குப் பொருத்தமான ஆன்டெனாவாகவே ஆகிவிடுகிறது. யாரும் ஆன்டெனா வைக்கவில்லை, ஆனாலும் அது ஒலிபரப்புகிறது. ஸ்விட்சிங் பவர் சப்ளையின் இரைச்சலோ கரண்ட் ஒயர் வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால்தான் சோதனையும் இரண்டு வகை: 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒயரில் அளப்பார்கள், அதற்கு மேல் காற்றில் அளப்பார்கள். வீட்டு உபயோகக் கருவிக்கு அமெரிக்க எஃப்.சி.சி. வைத்திருக்கும் வரம்பு, 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

இது இந்தியப் பொருளை மறிக்க வந்த வேலியும் அல்ல. ரேடியோ இரைச்சலை அளக்க ஒரு பொது முறை வேண்டும் என்று சி.ஐ.எஸ்.பி.ஆர். என்ற சர்வதேசக் குழு கூடியது 1934-ல். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பக்கத்து வீட்டு டி.வி.யைக் கெடுக்கின்றன என்ற புகார் பெருகியபின் 1979-ல் எஃப்.சி.சி. அவற்றுக்குத் தனி விதி போட்டது. அதற்கு முன்பே, 1977-ல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைக்கும் மாடுலேட்டர் இல்லாமலேயே விற்றார்கள். அதைச் சேர்த்தால் எஃப்.சி.சி. அனுமதி சிக்கலாகும் என்ற பயம். அந்தத் துணைக்கருவியை வேறொரு சின்ன கம்பெனி தனியாக விற்றது. ஐரோப்பாவில் 1996 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். இப்போது நடப்பில் இருப்பது 2014/30 என்ற எண்ணுள்ள உத்தரவு.

அமெரிக்க ரிப்போர்ட்டை வைத்து ஐரோப்பாவுக்கும் போகலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். எஃப்.சி.சி. பார்ப்பது கருவி எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதை மட்டும். ஐரோப்பா, வெளியிலிருந்து வரும் தொந்தரவைக் கருவி தாங்குமா என்றும் கேட்கிறது. வீட்டுக் கருவி என்றால் தொடும்போது பாயும் 4 கிலோவோல்ட் ஸ்டாட்டிக் மின்சாரத்தை, காற்று வழியே என்றால் 8 கிலோவோல்ட்டை, அது தாங்க வேண்டும். ரேடியோ பகுதி இல்லாத சாதாரணக் கருவிக்கு இரண்டு இடத்திலும் தயாரிப்பாளரின் சுய அறிவிப்பே போதும். அப்படியானால் சுலபம்தானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்க அறிவிப்புக்கு அந்த நாட்டு முகவரியில் பொறுப்பேற்க ஒருவர் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் 2021 ஜூலை முதல் அப்படியே. தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டு பத்திரப்படுத்தவும் வேண்டும். சி.இ. ஸ்டிக்கரை அச்சடிப்பது எளிது, அதற்குப் பின்னால் கோப்பு இல்லையென்றால் அது பொய்ச் சான்று.

மொபைல் ஸ்டார்ட்டர் மாதிரி ரேடியோ உள்ள பொருள் வேறு கணக்கு. ஐரோப்பாவில் ரேடியோ கருவிகளுக்கான தனி உத்தரவு. அமெரிக்காவில் சான்றளிக்கும் அமைப்பு வழியாக முழுச் சான்றிதழ். ஏற்கெனவே எஃப்.சி.சி. எண் பெற்ற மாட்யூலை வாங்கிப் போட்டால் ரேடியோ பகுதிக்கான செலவு பெருமளவு குறையும். 'மாட்யூலுக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கு, அப்புறம் என்ன?' என்று விட்டுவிடக் கூடாது. மீதி போர்டின் இரைச்சலுக்கு யார் பொறுப்பு? செய்தவர்தான்.

நம்ம பட்டறைகளுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் வேறு. சோதனைக்கு அனுப்பிய மாதிரியில் நல்ல ஃபில்டர் கெபாசிட்டர் இருக்கும். மூன்றாவது மாதம் அந்தப் பாகம் கிடைக்காது, ரிச்சி தெருவிலிருந்து 'அதே வேல்யூ' என்று வேறொன்று வரும். கருவி ஓடும், பல்பு எரியும். ரிப்போர்ட் மட்டும் அந்தக் கருவியுடையது இல்லை. வெளிநாட்டுச் சந்தையில் கண்காணிப்பு அதிகாரி கடையிலிருந்து ஒன்றை எடுத்துச் சோதித்தால் மொத்தச் சரக்கும் திரும்பும்.

இந்தியச் சட்டமும் இதில் பாதிக் காரணம் என்றே சொல்ல வேண்டும். பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவு ஆணை பார்ப்பது பாதுகாப்பை: ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா. இரைச்சலை அல்ல. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மட்டும் அந்தத் துறையின் கட்டாயச் சான்று முறையில் இ.எம்.சி. சோதனை உண்டு. ஆக, பி.ஐ.எஸ். எண் வாங்கிய அடாப்டர்கூட எஃப்.சி.சி. சோதனையில் விழலாம். உள்ளூர்ச் சந்தை சொல்லித்தராத பாடத்தை ஏற்றுமதியாளர் முதல் ஆர்டரிலேயே, தன் பணத்தைப் போட்டுக் கற்க வேண்டியிருக்கிறது.

லெனோவா போன்ற நிறுவனம் புதுச்சேரியிலேயே கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. அவர்களுக்கு இதற்கென்றே ஆட்கள் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை, தரமணியில் உள்ள சமீர் மையம் போன்ற சென்னைக் கூடத்தில் முறை வாங்கி, போகவர 300 கிலோமீட்டர் அலைய வேண்டும். முதல் தடவையே தேறினால் பரவாயில்லை. தேறாவிட்டால் போர்டை மாற்றி வரைந்து, அச்சடித்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் ஆர்டர் போய்விடும். இத்தனைக்கும் பல நேரம் தீர்வு சில ரூபாய் ஃபெரைட் வளையமும், சரியாகப் போட்ட கிரவுண்டும்தான். டிசைன் கட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால்!

அதைச் சொல்ல ஓர் இடம் புதுச்சேரியில் வேண்டும். முழுச் சோதனைக் கூடம் கேட்கவில்லை. ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஒயர் இரைச்சலை அளக்கும் இணைப்புப் பெட்டி, போர்டின் மேல் நகர்த்திப் பார்க்கும் சிறு ப்ரோப்கள், விஷயம் தெரிந்த ஓர் ஆள். இந்த முன்சோதனைக்கு ஓர் அறை போதும். புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பிப்டிக்கும் மனசு வைத்தால் சேதராப்பட்டிலேயே திறக்கலாம். அங்கே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென எடுத்த நூற்றுக்கணக்கான ஏக்கர் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததைப் பார்த்த ஊர் இது. ஓர் அறைக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பணத்துக்கும் வழி இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் தந்த 25,060 கோடி ரூபாய் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்தில் சோதனை, சான்றிதழ்ச் செலவுக்கான உதவியும் ஒரு பகுதி. அதன் விண்ணப்பத்தை வில்லியனூர், பாகூர் பட்டறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, தமிழில் விளக்கி, நிரப்பித் தர வேண்டியது புதுச்சேரி தொழில்துறையின் வேலை.