உதவிப் பயிற்சியாளரும் துரோணாச்சாரியும்

கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய ஒரு வாலிபரோ பெண்ணோ, படிப்பு முடிந்தபின் உதவிப் பயிற்சியாளர் வேலைக்குப் போனால், நம் ஜனங்களில் பலர் அதைத் தாழ்ந்த உத்தியோகமாகவே நினைக்கிறார்கள். "பட்டம் வாங்கியும் பந்து பொறுக்கத்தானா?" என்று கேட்பவர்களும் உண்டு. பல ஊராரும் பல ஜாதியாரும் சுரங்கங்களை நம்பி வாழும் நெய்வேலி நகரியத்திலாவது இந்த எண்ணம் ஒழிய வேண்டுமென்றே இதை எழுதுகின்றோம்.

உதவிப் பயிற்சியாளரின் வேலைதான் என்ன? தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்திற்குத் திட்டம் போடுகிறார். உதவியாளரோ, பின்தங்கி நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் நின்று, "காலை இப்படி வை, முழங்கையை உள்ளே அடக்கு, மணிக்கட்டை மடக்கிப் போடு" என்று நூறு தடவை சொல்லித் திருத்துகிறார். நூறாவது தடவையில் பந்து கூடையில் விழுகிறதே, அது தலையெழுத்தினாலா? பூர்வ ஜென்மப் புண்ணியத்தினாலா? திறமை என்பது பிறவிச் சொத்தல்ல, கற்றுக்கொடுத்தால் வருவது என்பதைத் தினமும் மெய்ப்பித்துக் காட்டுகிறவரை நாம் தாழ்வாக நினைக்கலாமா?

இந்த ஆட்டத்தை எந்த ரிஷியும் அருளவில்லை. 1891-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆடுவதற்காக, இரண்டு பழக்கூடைகளை மாட்டி உண்டாக்கியது இது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி வைத்தார்.

அந்த நெய்ஸ்மித் 1930-களில் கான்சாஸ் சர்வகலாசாலையில் இருந்தபோது, ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பு மாணவர் அங்கே படித்தார். தோல் கறுப்பு என்பதற்காகச் சர்வகலாசாலை அணியில் அவருக்கு இடமில்லை. ஆனால் நெய்ஸ்மித் தமக்குத் தெரிந்ததை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். மெக்லெண்டன் 1937-ல் வட கரோலினாவில் ஒரு கறுப்பர் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகி, பிறகு தலைமைப் பயிற்சியாளரானார். இரு நிறத்தாரும் சேர்ந்து ஆடக்கூடாதென்றிருந்த அந்த ஊரில், 1944-ல் இரகசியமாக நடந்த ஓர் ஆட்டத்தில், அவருடைய பிள்ளைகள் டியூக் சர்வகலாசாலையின் வெள்ளை வைத்திய மாணவர்களை 88-க்கு 44 என்று தோற்கடித்தார்கள். நிற உயர்வு பேசியவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

பெண்களுக்கு இது ஆகாது என்பார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய பெக்கி ஹாமன் என்ற பெண், 2014-ல் சான் அன்டோனியோ ஆண்கள் அணிக்கு முழுநேர உதவிப் பயிற்சியாளரானார். 2020 டிசம்பரில் ஒரு நாள் தலைமைப் பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டபோது, அந்த ஆண்களை நடத்தியவர் அவரே. வானம் இடிந்து விழவில்லை. நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். இளம் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறார்.

நிற்க. நமது நாட்டில் சிறந்த பயிற்சியாளருக்குச் சர்க்கார் கொடுக்கும் விருதின் பெயரென்ன? 1985 முதல் அது துரோணாச்சாரியா விருது. யார் இந்தத் துரோணர்? அரண்மனைப் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தவர். வேடர் குலத்து ஏகலைவனைச் சீடனாகச் சேர்க்க மறுத்தவர். அவன் தானே பழகித் தேர்ந்தபோது, அர்ச்சுனனுக்குப் போட்டியாகிவிடுவான் என்று, கற்றுக்கொடுக்காத வித்தைக்குக் கட்டைவிரலைத் தட்சணையாக வாங்கிக்கொண்டவர் என்று பாரதமே சொல்லுகிறது. 1961 முதல் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருதோ அந்த அர்ச்சுனன் பெயரில்! விரலை இழந்தவனை விட்டுவிட்டு, விரலை வாங்கியவனையும் அதனால் லாபமடைந்தவனையும் கௌரவிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? ஒதுக்கப்பட்டவனுக்குக் கற்றுக்கொடுத்த நெய்ஸ்மித் எங்கே, இந்தத் துரோணர் எங்கே?

நெய்வேலித் தோழர்களே! 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்புப் பொருள் தென்பட்டது. ஆராய்ந்து பார்த்து, மேல்மண்ணை நீக்கி, ஊற்றுநீரை இறைத்த பிறகே 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. ஜாதகம் பார்த்தோ யாகம் செய்தோ அது வரவில்லை. பிள்ளைகளின் திறமையும் அப்படித்தான், தோண்டினால் கிடைக்கும். ஆனால் எங்கே தோண்டுவது? நகரியத்துப் பிளாக்குகளில் மாத்திரமா? சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கும், சேரிப் பிள்ளைகளுக்கும், பெண் குழந்தைகளுக்கும் அந்த ஆடுகளத்தில் இடமிருக்க வேண்டாமா? இல்லையென்றால் அது விளையாட்டு மைதானமல்ல, துரோணரின் அரண்மனை என்றே நாம் சொல்லுவோம்.

ஆகவே, கல்லூரியில் ஆடியவர்கள் இந்த வேலைக்கு வெட்கப்படாமல் வர வேண்டும். வருகிறவர்களுக்கு நிர்வாகம் மரியாதையான சம்பளம் கொடுக்க வேண்டும். வந்தவர்கள், பந்து கேட்டு வரும் பிள்ளையிடம் ஊரும் தெருவும் விசாரிக்காமல் பந்தைக் கொடுக்க வேண்டும். சர்க்காரும் அந்த இரண்டு விருதுகளின் பெயரை மாற்ற வேண்டும். இதுவே நமது அபிப்பிராயம்.