மாத்திரையை எண்ணிக் காட்டுங்கள்

அமெரிக்காவின் லூசியானாவில் டெர்ரி டேவிஸ் குழுவினர் நோயாளிகளின் மருத்துவ வாசிப்புத் திறனை அளக்கும் ‘ரெல்ம்’ சோதனையை 1993-ல் சுருக்கி வெளியிட்டார்கள். நோயாளியிடம் 66 மருத்துவச் சொற்கள் கொண்ட தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வார்கள். சரியாக உச்சரித்த சொற்களின் எண்ணிக்கைதான் மதிப்பெண். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பொருள் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் தாறுமாறானது. அதனால் அறிமுகமில்லாத சொல் நாக்கில் இடறும்; அந்த இடறல்தான் இச்சோதனையின் மூலதனம். ஸ்பானிய மொழியில் இது பலிக்கவில்லை. எழுத்து தெரிந்தவர் அங்கே எதையும் வாசித்துவிடுவார். எனவே 2006-ல் வந்த ஸ்பானியச் சோதனை, வாசித்த சொல்லோடு தொடர்புடையது எது என்றும் கேட்டது. தமிழுக்கும் இதே கதைதான். ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தடங்கலில்லாமல் படிக்கும். அது என்னவென்று கேட்டால் விழிக்கும்.

1995-ல் வந்த ‘டோஃப்லா’ என்ற சோதனை புரிதலை அளந்தது. ஆனால் 22 நிமிடம் பிடிக்கும். புறநோயாளிப் பிரிவில் அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது? 2005-ல் ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து விவரத்தைக் காட்டி ஆறு கேள்வி கேட்கும் சோதனை வந்தது. சர்க்கரை நோயாளியிடம் ஐஸ்கிரீம் கணக்கு! யாருக்கு வந்த குறும்போ.

அளவுகோல்களைவிட என்னை உலுக்கியது டேவிஸ் குழுவினரே 2006-ல் வெளியிட்ட ஆய்வு. ‘இரண்டு மாத்திரை, நாளைக்கு இரண்டு வேளை’ என்ற குறிப்பை, வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளில் 71 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது, சரியாகக் காட்டியவர்கள் 35 சதவீதம்தான். இரண்டையும் இரண்டையும் பெருக்கும் வேலையை நோயாளி தலையில் கட்டியது அந்தக் குறிப்பை எழுதியவர். நம் மருத்துவர்கள் சீட்டில் கிறுக்கும் ‘1-0-1’ எவ்வளவோ மேல். வேளை வாரியாகப் பிரித்தாவது கொடுக்கிறது.

ஆனாலும் மதிப்பெண் விழுவதென்னவோ நோயாளிக்குத்தான். அது சும்மா விழுவதில்லை, வெட்கத்தையும் சேர்த்தே தருகிறது. அட்லாண்டா மருத்துவமனை ஒன்றில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், வாசிக்கச் சிரமப்படுவதை ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் அதைக் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொன்னதில்லை. வீட்டிலேயே மறைப்பவரிடம், செவிலியர் தாளை நீட்டி ‘வாசிங்க’ என்றால்? ‘கண்ணாடி கொண்டுவரலைம்மா’ என்பார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் தாளே வேண்டாம். ‘ராத்திரிக்கு எதெது போடுவீங்க, எடுத்துக் காட்டுங்கம்மா’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தவறாக எடுத்தால், சொன்னவர் இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆளுக்கு அரை நிமிடம் கூடும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.