பொன்மேற் பூசிய கரி

பொன்மீது கரி பூசின் அதன் மதிப்பு உயரும் என ஒருவர் உரைத்தால் நகைப்போம். பிளாஸ்மன் உணரிகள் பற்றிய எழுத்துக்களிலோ அதுவே ஆய்வு முடிபாக அரங்கேறி வருகின்றது.

இவ்வுணரிகளின் தத்துவம் 1968 இல் கிரெட்ஸ்மன் வகுத்த அமைப்பைச் சார்ந்தது. கண்ணாடி அரியத்தின் முகத்தில் ஏறத்தாழ 50 நனோமீற்றர் தடிப்புள்ள பொற்படை இடப்படும். குறித்தவொரு கோணத்தில் விழும் ஒளி, பொன்னின் மேற்பரப்பு இலத்திரன்களைப் பரிவுறச் செய்து தன் சக்தியை இழக்கும். தெறிப்பொளி வரைபில் ஒரு பள்ளம் தோன்றும். பொன்மேற் புரதமொன்று வந்து ஒட்டின், அவ்விடத்து முறிவுச் சுட்டி மாறிப் பள்ளமும் இடம்பெயரும்.

பொன்னின் மேல் காபன் அணுக்களின் ஒற்றைப் படையாகிய கிராபீனை இட்டால், படையொன்றுக்கு 2.5 சதவீதம் உணர்திறன் கூடும் என்றது 2010 இல் வெளிவந்த ஒரு கணிப்பு. அன்றுதொட்டு, படைகளைக் கணனியில் அடுக்கியும் மாற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகள் பல. அவற்றுட் பலவற்றிற் பொன்னுமில்லை, கிராபீனுமில்லை. புரதத்தைக் கேட்கவே வேண்டாம்.

கணித்தலை நாம் பழிக்கவில்லை. பள்ளம் எவ்வளவு நகர்ந்தது என்று முழங்குவோர், அது எவ்வளவு அகன்றது என்பதை அடக்கியே வாசிப்பதுதான் குற்றம். 0.34 நனோமீற்றர் தடிப்பேயுள்ள கிராபீன், தன்மேல் விழும் கட்புல ஒளியில் ஏறத்தாழ 2.3 சதவீதத்தை விழுங்கிவிடும். அவ்வுறிஞ்சல் பரிவைத் தணித்துப் பள்ளத்தை அகலச் செய்யும். அகன்ற பள்ளத்தின் அடியைத் துல்லியமாகக் குறித்தல் அரிது. நகர்வை அகலத்தால் வகுத்து நோக்குவோமாயின், பெற்ற இலாபம் பெரும்பாலும் கரைந்தே போகும்.

கிராபீன் பயனற்றதென்பது இதன் பொருளன்று. செந்நிறக்கீழ்க் கதிர்ப் பிரதேசத்தில் அதன் சொந்த இலத்திரன்களே பிளாஸ்மன்களைத் தாங்குகின்றன. மின்னழுத்தத்தை மாற்றி அவற்றின் மீடிறனையும் மாற்றலாம். சுவிற்சர்லாந்து, ஸ்பெயின் ஆய்வாளர் 2015 இல் இவ்வழியே புரதங்களை அவற்றின் அதிர்வுகளைக் கொண்டு இனங்கண்டனர். அதுவே அதன் களம்.

போகலைக் காரீயத்தைக் காட்டி நாமும் உணரி செய்வோம் என்பாருக்கும் ஒரு சொல்: இவற்றுக்கு வேண்டிய பெரும்பரப்புப் படை, பெரும்பாலும் செப்புத் தகட்டின்மீது மெதேன் வாயுவிலிருந்து வளர்க்கப்படுவது, சுரங்கத்தில் அகழப்படுவதன்று.

இனிமேல் உணர்திறன் கூடிற்று என்றொரு கட்டுரை பரீட்சகர் மேசைக்கு வருமாயின், முதல் வினா பள்ளத்தின் அகலம் பற்றியதாகட்டும். இரண்டாவது, கருவியின் இரைச்சல் பற்றியது. இரண்டிற்கும் விடையில்லையேல் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.