‘முதலில் ஐம்பதை வாங்கு’ என்னும் வாய்பாடு

புதிதாகக் கேமரா வாங்கியவர் யாரிடம் யோசனை கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸைக் கழற்றி வை, 50 மி.மீ. எஃப் 1.8 ப்ரைம் (குவிய நீளம் மாறாத லென்ஸ்) ஒன்றை வாங்கு. என்ன எடுக்கப்போகிறாய், எங்கே நின்று எடுக்கப்போகிறாய், அங்கே வெளிச்சம் எவ்வளவு என்று கேட்பவர் அரிது. ப்ரைம் என்றால் தரம், ஜூம் என்றால் சமரசம் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விகளுக்கு இடமே வைப்பதில்லை. பணம் தாராளமாக உள்ளவருக்கு இதனால் பெரிய கேடில்லை. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றை வாங்கிக்கொள்வார். ஒரு லென்ஸுக்கே பல மாதம் பணம் சேர்க்க வேண்டியவரைத்தான் இந்த வாய்பாடு வழிதவற வைக்கிறது. அவர் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் வகையை அல்ல. தாம் எடுக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கும், அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழும், அது அசையுமா என்பவற்றைத்தான். இவை தெரியாமல் சொல்லப்படும் பரிந்துரை எதுவும் வெறும் ஊகமே.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவில் பொருத்தப்பட்டிருந்தது 50 மி.மீ. லென்ஸ். புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோன் தம் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவற்றை அந்த நீளத்திலேயே எடுத்தார். ஜூம்களோ தொடக்கத்தில் உண்மையாகவே பின்தங்கியிருந்தன. 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கான முதல் ஜூமை 1959இல் ஃபோக்ட்லாண்டர் வெளியிட்டது. 1963இல் நிக்கான் கொண்டுவந்த 43-86 நேர்க்கோடுகளை வளைத்துக் காட்டுவதற்கே பெயர்பெற்றது. அன்றைய புகைப்படக்காரர்கள் ஜூமை ஒதுக்கியதில் நியாயம் இருந்தது. ஆனால் அதன்பின் கணினி வழி வடிவமைப்பு வந்தது. நிறம் பிரிந்து தெரிவதைக் குறைக்கும் கண்ணாடிகளும் மேலான பூச்சுகளும் வந்தன. 2013இல் சிக்மா நிறுவனம் 18 முதல் 35 மி.மீ. வரை முழுவதும் எஃப் 1.8 தரும் ஜூமையே செய்துகாட்டியது. அது மலிவான லென்ஸ் அல்ல. ஆனாலும் ஜூமாக இருப்பதாலேயே ஒரு லென்ஸ் தாழ்ந்ததாகிவிடாது என்பதை அது நிறுவியது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கண்ணாடிகளைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பை இன்றைய கண்ணாடிகளின்மேல் சுமத்துவது முறையல்ல.

அதைவிடப் பெரிய பிழை, 50 என்ற எண்ணை அதன் கேமராவிலிருந்து பிரித்தெடுத்ததுதான். லைக்காவின் ஃபிலிம் சட்டம் 36×24 மி.மீ. அந்த அளவில் 50 மி.மீ. லென்ஸ் அகலமும் இல்லாமல் நெருக்கமும் இல்லாமல் நடுவாக நிற்கும். குறைந்த விலையில் கிடைக்கும் டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது சுமார் 23.5×15.6 மி.மீ. அளவுள்ள கிராப் சென்சார். அதில் 50 மி.மீ. லென்ஸ் காட்டுவது, பழைய கணக்கில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் குறுகிய பார்வை. கேனான் கேமராக்களில் சென்சார் இன்னும் சற்றுச் சிறியது என்பதால் அது 80 ஆகிறது. இதன் விளைவை அடிக்கணக்கில் பார்ப்போம். நான்கு மீட்டர் அகலத்துக்கு வரிசையாக நிற்கும் குடும்பத்தைக் கிராப் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸால் முழுமையாக எடுக்க எட்டரை மீட்டர், அதாவது சுமார் 28 அடி பின்னால் போயாக வேண்டும். கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையில் அதே படத்துக்கு 10 அடி போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் கொண்ட வீட்டில் பிறந்தநாளையும் வளைகாப்பையும் எடுக்க விரும்புகிறவருக்கு ஐம்பதைக் கையில் கொடுத்தால், சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று முகங்கள்தான். அவர் கேட்டது முழுக் குடும்பத்தை.

துல்லியம் என்ற வாதத்தையும் எடைபோட வேண்டும். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்தால் மலிவான ப்ரைமும் சற்று மென்மையாகத்தான் காட்டும். அதன் முழுக் கூர்மை எஃப் 4, 5.6 என்று மூடும்போதுதான் வெளிப்படும். ப்ரைமிலும் கிட் லென்ஸிலும் எஃப் 8இல் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் வேறுபாடு பெரும்பாலும் ஓரங்களில்தான் தெரியும், அதுவும் பெரிதாக்கிப் பார்க்கும்போது. 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000×4000 புள்ளிகள் கொண்ட படம். 8×12 அங்குலப் பிரதியை நல்ல தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல்கூட வேண்டியதில்லை. சாதாரண ஃபுல் எச்டி திரையில் பார்க்க 2 மெகாபிக்சல் போதும். இந்த அளவுகளில் பார்க்கப்படும் படத்தைக் கெடுப்பது லென்ஸின் ஓரக் கூர்மை அல்ல. கை நடுக்கமும், தப்பிய ஃபோகஸும், மோசமான வெளிச்சமும்தான்.

இதற்கு வலுவான மறுப்பு வெளிச்சத்தின் பெயரால் வருகிறது. எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இது உண்மை, சில வேலைகளில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மேடையில் ஆடும் பரதநாட்டியக் கலைஞரை 50 மி.மீ.யில் எடுக்கும்போது கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்டால், ப்ரைமுக்கு அதே ஷட்டர் வேகத்தில் சுமார் 650 போதும். இத்தகைய படம் எடுப்பவருக்கு ஐம்பதோ முப்பத்தைந்தோ வாங்கச் சொல்வது சரியான யோசனை. ஆனால் இருண்ட மண்டபத்துச் சிற்பத்தை எடுப்பவரின் நிலை வேறு. சிற்பம் அசைவதில்லை. இன்றைய கிட் லென்ஸ்கள் பலவற்றில் அதிர்வைத் தணிக்கும் வசதி உண்டு. கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர்களுக்கான மலிவு ஐம்பதுகளில் அது இல்லை. நடுங்காமல் எடுக்க ஐம்பதுக்கு விநாடியில் 80இல் ஒரு பங்கு வேகம் தேவைப்படும் இடத்தில், அந்த வசதியுள்ள ஜூமை 10இல் ஒரு பங்கில் பிடித்துவிட முடிந்தால், எட்டு மடங்கு ஒளி அங்கேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது. கூட்டமாக நிற்பவர்களை எடுக்கும்போதும் ப்ரைமின் ஆதாயம் சுருங்கும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் ஆறேழு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் ஃபோகஸ் நிற்கும். பின்வரிசை முகங்கள் கலங்கிப்போகும். எல்லாரும் தெளிவாகத் தெரிய எஃப் 4க்காவது மூடினால், பத்து மடங்கு என்ற கணக்கு இரண்டு மடங்காகிவிடுகிறது.

‘கால்தான் சிறந்த ஜூம், நடந்து நெருங்கு’ என்பது அடுத்த வாதம். நடப்பதும் ஜூம் செய்வதும் ஒரே செயல் அல்ல. கோபுரத்துக்கு நூறு மீட்டர் முன்னால் நிற்பவரை நான்கு மீட்டரிலிருந்து எடுக்கிறோம். இரண்டு மீட்டருக்கு நெருங்கினால் அவர் உருவம் இரட்டிப்பாகும். கோபுரமோ இரண்டு விழுக்காடுதான் வளரும். நின்ற இடத்திலேயே ஜூம் செய்தால் ஆளும் கோபுரமும் சேர்ந்து வளரும். பொருள்களுக்கு இடையிலான அளவு உறவை நாம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. எந்த அளவு சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதை லென்ஸ் தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாக ஆளும் உரிமையை ஜூம் தருகிறது. ஆற்றங்கரையிலோ மேடைக்குக் கீழோ நிற்பவருக்கு நடக்க இடமே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ப்ரைம் கட்டுப்பாட்டைக் கற்றுத்தரும், ஜூம் சோம்பலை வளர்க்கும் என்பார்கள். ஒரே நீளத்தில் பழகுவது நல்ல பயிற்சிதான். அந்தப் பயிற்சியைக் கிட் லென்ஸை 35இல் நிறுத்தி, வளையத்தின்மேல் ஒரு டேப் ஒட்டிச் செலவில்லாமல் செய்யலாம். பின்னணி மங்கும் அழகுக்காக ஐம்பதை விரும்புவோர் உண்டு. தனிமுகப் படமே முதன்மை வேலை என்றால் அந்த விருப்பம் முழுக்கச் சரி. விலை குறைவு என்ற வாதத்துக்குப் பதில் எளிது: ஒரு லென்ஸின் விலை அதன் அட்டையில் உள்ள எண் மட்டுமல்ல. எடுக்க வேண்டியதை அது எடுக்காவிட்டால் அடுத்து வாங்கப்போகும் லென்ஸின் விலையும் அதோடு சேரும்.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு டிஜிட்டல் படத்திலும் லென்ஸ் நீளம், அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவை பதிவாகியிருக்கும். வாங்க நினைப்பவர் தாம் கிட் லென்ஸில் எடுத்த படங்களைத் திறந்து அந்தப் பதிவுகளை வரிசையாகப் பார்க்கட்டும். பெரும்பாலானவை 18க்கும் 24க்கும் இடையில் இருந்தால் ஐம்பது அவருக்கு உதவாது. எப்போதும் 55இல் முட்டி நின்று இன்னும் நெருங்க ஏங்கியிருந்தால், அவருக்குத் தேவை 55-250 போன்ற தொலை ஜூம். 35க்கும் 55க்கும் இடையில், உயர்ந்த ஐஎஸ்ஓவில், அசைவால் மங்கிய படங்கள் குவிந்திருந்தால் அப்போது தயங்காமல் ப்ரைம் வாங்கட்டும். இவற்றில் எதுவும் இல்லாவிட்டால் பணத்தைக் கையிலேயே வைத்திருக்கட்டும். ஒரு ட்ரைபாடோ வெளி ஃபிளாஷோ அவர் படங்களை அதிகம் மேம்படுத்தலாம். யோசனை சொல்பவர்களுக்கும் இதே கடமை உண்டு: லென்ஸின் பெயரைச் சொல்லும் முன் அந்தப் படங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வருமானத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவரிடம் வாய்பாட்டை ஒப்பிப்பது உதவி ஆகாது.