வெட்கப்பட வேண்டியவர் யார்?



அண்மையில் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தைக்குக் காசநோய் உறுதியாயிற்று. மறுநாளே பெற்றோர் மூவர் என்னைத் தேடி வந்தனர். "அந்தப் பையனை என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், டீச்சர்!" என்பதே மூவரின் கோரிக்கையும். ஆசிரியர் அறையிலும் அதே முணுமுணுப்பு!

அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? ஊர் வாய்க்கு அஞ்சி, மகனைச் சோதனைக்கு அழைத்துச் செல்லவே மறுத்தார். பல நாள் வற்புறுத்திய பின்னரே, ஒரு வியாழக்கிழமை மருந்தகத்திற்குச் சென்றார். ஊசி போட்டார்கள். எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை மட்டும் எவரும் தெளிவாகச் சொல்லவில்லை.

தோல் சோதனையின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது! முன்கையின் தோலுக்குள் 0.1 மில்லிலிட்டர் டியூபர்குலின் மருந்தைச் செலுத்துவர். 48 முதல் 72 மணி நேரத்திற்குள் பயிற்சி பெற்ற ஒருவர் அவ்விடத்தைத் தடவிப் பார்த்து, தடிப்பை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். சிவப்பு கணக்கில் வராது, தடிப்பே கணக்கு. வியாழனன்று போட்ட ஊசியைச் சனியிலோ ஞாயிறிலோ பார்க்க வேண்டும். மருந்தகமோ அவ்விரு நாளும் மூடியிருந்தது! சோதனை வீணாயிற்று. பின்னர் ஒரு திங்கட்கிழமை நானே உடன் சென்றேன். புதனன்று தாதி அளந்தார்: 12 மில்லிமீட்டர்.

அதனால் அவன் நோயாளியா? இல்லை! கிருமி உடலுக்குள் புகுந்திருக்கலாம் என்பதே அதன் பொருள். ஊடுகதிர்ப் படம் தெளிவாக இருந்தது; நோய்க்குறி எதுவும் இல்லை. நோயாக முற்றாமல் உறங்கும் கிருமி பிறருக்குத் தொற்றாது. அது பின்னாளில் விழித்துக்கொள்ளாதிருக்க மருத்துவர் தடுப்பு மருந்து கொடுத்தார். சோதனைக்கே போகாதிருந்தால்?

"பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டாயிற்றே" என்பர் சிலர். அவ்வூசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காக்கிறது. ஆனால், அது வாழ்நாள் முழுமைக்குமான கவசம் அன்று.

1882-இலேயே இராபர்ட் கோக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்துவிட்டார். இது பரம்பரைச் சாபமும் அன்று. பாவத்தின் சம்பளமும் அன்று. காற்றில் பரவும் ஒரு கிருமி. பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகும் நோய். நம் நாட்டில் 2023-இல் மட்டும் 25,000-க்கும் மேற்பட்டோருக்கு இது கண்டறியப்பட்டது. அவர்கள் அனைவரையும் எந்த மூலையில் உட்கார வைக்கப் போகிறோம்?

1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி, காசநோயைச் சுகாதார அலுவலகத்திற்கு அறிவிப்பது மருத்துவரின் கடமை. ஊருக்கு அறிவிப்பது நம் கடமை என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மருந்தகத்தாரே! அளக்கும் நாளை உறுதி செய்யாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். பெற்றோர்களே! வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் அனைவரும் சோதனைக்குச் செல்லுங்கள். ஆசிரியர்களே! மாணவர் இல்லத்துத் துயரத்தை ஆசிரியர் அறையின் பேச்சுப் பொருளாக்காதீர்கள்.

நோயுற்றவன் வெட்கப்பட வேண்டியதில்லை. அவனை ஒளிய வைத்த நாம்தாம் வெட்கப்பட வேண்டும்!

என் மாணவன் இன்றும் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறான்.