நர்ஸ் பிராக்டிஷனர்: படிப்பு இருக்கு, மருந்து எழுதும் அதிகாரம் இருக்கா?

நள்ளிரவு ஐசியூவில் நோயாளியின் ரத்த அழுத்தம் திடீரென இறங்கினால், முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் நர்ஸ்தான். அவர் தானே முடிவெடுத்து எதுவரை செய்யலாம்? இந்தியாவில் இதற்கு இன்னும் நேரான பதில் இல்லை.

யார் இந்த நர்ஸ் பிராக்டிஷனர்?

கூடுதலாகப் படித்து, நோயாளியைப் பரிசோதிக்கவும், ஒரு வரம்புக்குள் சிகிச்சையைத் தொடங்கவும் பயிற்சி பெற்ற நர்ஸ். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சி தொடங்கியது. இன்று அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலேயே சிகிச்சை தரலாம்.

இந்தியாவில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பணி அனுபவம் உள்ளவர்களுக்கு, தீவிர சிகிச்சைக்கென இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, 18 மாதப் பயிற்சி பெறும் மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர்கள் சிக்கலில்லாத பிரசவத்தைத் தாங்களே பார்க்கலாம். சிக்கல் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

அப்போ பிரச்னை எங்கே?

சட்டத்தில். 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, பதிவு பெறாதவர் டாக்டராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதே சட்டத்தின் 32-வது பிரிவு, 'சமூக சுகாதார வழங்குநர்' என்பவருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. ஆனால், அந்தப் பிரிவு நர்ஸ்களுக்கென எழுதப்பட்டதல்ல. ஆக, படிப்பு ஒருபக்கம், உரிமம் இன்னொரு பக்கம்.

டாக்டர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

இது போலி மருத்துவத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுப்பது என்று 32-வது பிரிவை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2019-ல் போராடியது. கிராமத்துக்குப் பாதி டாக்டர், நகரத்துக்கு முழு டாக்டரா என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், வரம்பை எழுதி வைக்காமல் விட்டால் ஆபத்து குறையாது. தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதே தெரியாமல் போகும்.

என்ன தேவை?

1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர், மகப்பேறு பணியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. எந்தெந்த மருந்துகளை எழுதலாம், எப்போது டாக்டரை அழைத்தே ஆக வேண்டும், இதற்கெனத் தனிப் பணியிடமும் சம்பளமும் உண்டா? இந்த மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். நீங்கள் இந்தப் படிப்பில் சேர யோசிப்பவர் என்றால், கட்டணத்தைக் கேட்கும் முன் கல்லூரியில் இந்த மூன்றையும் கேளுங்கள்.